வாசல்களின் வரலாறு: மக்கள் பூங்கா முதல் நேரு உள்விளையாட்டரங்கம் வரை

2019 பிப்ரவரி 2ஆம் நாள் கொச்சி கடவந்திராவிலுள்ள ராஜீவ் காந்தி உள்விளையாட்டரங்கத்தில் புரோ வாலிபால் லீக் தொடங்கியது. ஆறு அணிகள் பங்கேற்ற அத்தொடர் இரண்டே அரங்கங்களில் நடந்து முடிந்தது. தொடக்க ஆட்டங்கள் கொச்சியில். எஞ்சியவை சென்னை ஜவாஹர்லால் நேரு உள்விளையாட்டரங்கத்தில். பிப்ரவரி 22 அன்று சென்னையில் நடந்த இறுதியாட்டத்தில் சென்னை ஸ்பார்ட்டன்ஸ் அணி காலிகட் ஹீரோஸ் அணியை வென்றது. தோப்பும்படியிலிருந்து வெல்லிங்டன் தீவையும் வெண்டுருத்திப் பாலத்தையும் கடந்து கடவந்திராவுக்குப் போன ரசிகரும், பெரியமேட்டிலிருந்து நடந்தே நேரு அரங்கத்துக்குப் போன ரசிகரும் ஏறத்தாழ ஒரே அமைப்பைத்தான் கண்டிருப்பர்: நடுவே ஆடுதளம், நாற்புறமும் படியேறும் இருக்கைகள், தூண் மறைக்காத உயர்ந்த கூரை, சுற்றிலும் வாசல்கள்.

இவ்விரண்டில் சென்னை அரங்கம் நிற்கும் மண்ணுக்கு ஒன்றரை நூற்றாண்டைக் கடந்த கேளிக்கை வரலாறு உண்டு. அத்தகைய வரலாறுகளை மேடையின் பக்கம் நின்று எழுதுவதே நமது வழக்கம். யார் ஆடினார், யார் பாடினார், எந்தத் தலைவர் பேசினார் என்பனவே அவற்றில் மிஞ்சும். அதே இடத்தை வாசலின் பக்கம் நின்று பார்த்தால் கேள்விகள் மாறுகின்றன. உள்ளே வரும் உரிமை யாருக்கு இருந்தது? அந்த உரிமையை எது தீர்மானித்தது? வந்தவர்கள் உயிரோடு வெளியேற வழி இருந்ததா? சென்னையின் மக்கள் பூங்காவிலிருந்து இன்றைய நேரு உள்விளையாட்டரங்கம் வரையிலான கதையை இக்கேள்விகளோடு படிக்கும்போது, கூரையின் பிரம்மாண்டத்தைக் காட்டிலும் கதவின் அகலம் முக்கியமானது என்பது விளங்கும்.

*அரங்கு என்னும் சொல்*

தமிழில் ‘அரங்கம்’ என்பதற்கு ஆற்றிடைக்குறை என்று ஒரு பொருள் உண்டு. காவிரி இரண்டாகப் பிரிந்து சூழும் திருவரங்கம் அப்பொருளுக்குக் கண்கண்ட சான்று. ஆடுமிடம், அவை கூடுமிடம் என்பவை அச்சொல்லின் ஏனைய பொருள்கள். வடமொழி ‘ரங்க’த்தோடு அதற்குள்ள உறவு நெடுங்கால விவாதத்துக்கு உரியது. மலையாளத்தில் ‘அரங்ஙு’ இன்றும் மேடையையே குறிக்கிறது. அரங்கேற்றம் என்ற வழக்கு இரு மொழிக்கும் பொது. ஆங்கிலத்தின் ‘அரீனா’ லத்தீனில் மணலைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. உரோமானியர் தம் வட்டரங்குகளின் தரையில் மணலைப் பரப்பினர். சிந்தும் குருதியை அது உறிஞ்சிக்கொண்டது. தரையில் கிடந்த பொருளின் பெயர் நாளடைவில் கட்டடத்துக்கே ஆகிவந்தது. ‘அரங்கு’, ‘அரீனா’ என்னும் சொற்களின் ஒலியொப்புமை தற்செயலானது. இரண்டுக்கும் வேர்த்தொடர்பு இல்லை. எனினும் பொருள் விரிந்த திசை இரண்டிலும் ஒன்றே. ஆடுவோர் நிற்கும் சிறு தளத்தைக் குறித்த சொல், பார்ப்போரையும் உள்ளடக்கிய பெருங்கட்டடத்தின் பெயராயிற்று.

இந்த விரிவு நிகழ்வதற்கு முந்தைய நிலையைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை காட்டுகிறது. பெருவிரல் இருபத்துநான்கு கொண்டது ஒரு கோல். அக்கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என மாதவியின் ஆடரங்குக்கு அளவு கூறப்படுகிறது. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்பதையும், அரங்குக்குத் தகுந்த வாயில்கள் இரண்டு இருக்க வேண்டும் என்பதையும் இளங்கோ விடாமல் சொல்கிறார். தூண் இடையூறாக இருக்கக்கூடாது, புகவும் வெளியேறவும் வழி வேண்டும் என்ற இரண்டும் இன்றைய அரங்கப் பொறியாளரின் முதன்மைக் கவலைகள். ஆனால் அந்த இரு வாயில்களும் ஆடுவோருக்கானவை. பார்ப்போரின் வாசலைப் பற்றிக் காதை பேசவில்லை. திறந்த வெளியில் கூடும் அவைக்கு அப்படியொரு கேள்வி எழ வேண்டிய தேவையும் குறைவு.

கூரையும் சுவரும் பார்ப்போர் மீது கவியத் தொடங்கும்போதுதான் அவர்களது வாசல் ஒரு சிக்கலாகிறது. கேரளக் கோயில்களின் கூத்தம்பலம் கலையும் கட்டடமும் இயைந்த அரிய படைப்பு; ஆயினும் அதன் வாசல் நெடுங்காலம் சாதியால் அளக்கப்பட்டது. அதே நிலத்தின் கடலோரத்தில் சவிட்டு நாடகம் வேறொரு வழியைக் கண்டது. கொச்சிப் பகுதியின் கத்தோலிக்க மக்கள் வளர்த்த இக்கலையின் பழைய பனுவல்கள் தமிழ் கலந்த நடையில் அமைந்தவை. சார்லமேனின் கதையைச் சொல்லும் ‘காறல்மான் சரித’த்தை மரபு சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழருக்கு உரியதாக்குகிறது. நடிகரின் குதிகால் மோதி அதிரும் பலகைத் தட்டே அதன் உயிர். அத்தட்டைத் திறந்த வெளியில் எழுப்பினார்கள். சுவரில்லாத இடத்தில் வாசற்காவலுக்கு வேலையில்லை. மேடை, கூரை, வாசல் மூன்றும் ஒன்றாகவே வர வேண்டியதில்லை என்பதற்கு இது சான்று. சென்னையில் இம்மூன்றும் படிப்படியாக ஓரிடத்தில் வந்து சேர்ந்தன.

*பூங்காவும் தீயும்*

1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், கருப்பர் நகரத்தின் நெரிசலுக்கு மேற்கே நகர மக்களுக்காக ஒரு பெரும்பூங்காவைத் திட்டமிட்டார். மக்கள் பூங்கா என்ற பெயரே அதன் நோக்கத்தைச் சொல்லிற்று. 116 ஏக்கர் பரப்பு, பதினொரு குளங்கள், வண்டிப் பாதைகள், இசைவாத்திய மேடை என அது விரிந்தது. எட்வர்ட் பால்ஃபர் அருங்காட்சியகத்தில் 1855இல் தொடங்கிய விலங்குக் காட்சிசாலையும் பின்னர் இங்கு இடம்பெயர்ந்தது. கோட்டைக்கு உள்ளே இருந்த கேளிக்கைகள் வெள்ளையருக்கானவை. கோயில் திருவிழாக்களோ சாதி முறைக்கு உட்பட்டவை. இவ்விரண்டுக்கும் வெளியே, நடந்து வரும் எவரும் நுழையக்கூடிய பொழுதுபோக்கிடம் என்ற கருத்து இந்நகரில் வேர்கொள்ள இப்பூங்கா முக்கியக் காரணம்.

ஆண்டிறுதியில் இங்கே பெரும் சந்தை கூடுவது வழக்கமாயிற்று. கடைகள், வேடிக்கைக் காட்சிகள், வாணவேடிக்கை எல்லாம் அதில் உண்டு. அதற்கெனத் தற்காலிகக் கொட்டகைகள் எழுந்தன. 1886 டிசம்பர் 31 அன்று அச்சந்தையில் தீப்பற்றியது. கூடியிருந்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். இந்நகரின் கேளிக்கை வரலாற்றில் அதுவே ஆகப் பெரிய துயரம். இன்று அதே நிலப்பகுதியில் கூடும் பல்லாயிரவருள் அந்நாளை அறிந்தோர் மிகச் சிலரே.

ஏக்கர் கணக்கில் பரந்த பூங்காவில் இத்தனை பேர் எரிந்து சாவது எவ்வாறு என்ற ஐயம் எழலாம். திறந்தவெளியாக வகுக்கப்பட்ட இடமும் கொட்டகையும் அடைப்பும் வந்தவுடன் உள்ளரங்காகிவிடுகிறது. மூங்கிலும் ஓலையும் துணியும் எளிதில் தீப்பற்றும் பொருள்கள். அவற்றுக்கு இடையிலான சந்துகளே வெளியேறும் வழிகள். 2004இல் கும்பகோணத்தில் ஓலைக்கூரைப் பள்ளி எரிந்து 94 குழந்தைகள் இறந்தபோதும், அதே ஆண்டு தொடக்கத்தில் திருவரங்கத்தில் திருமணப் பந்தல் எரிந்தபோதும் தமிழகம் அந்தப் பழைய பாடத்தையே மறுபடி கற்க நேர்ந்தது.

*இரண்டு விக்டோரியா மண்டபங்கள்*

இச்சந்தைத் தீக்கு மூன்றாண்டு முன்பு, 1883 ஜூன் 16 அன்று, இங்கிலாந்தின் சண்டர்லேண்ட் நகரில் விக்டோரியா மண்டபம் என்ற அரங்கில் குழந்தைகளுக்கான வேடிக்கைக் காட்சி நடந்தது. முடிவில் மேடையிலிருந்து பரிசுகள் வழங்கப்படும் என்று அறிவித்தனர். மேல்மாடத்தில் இருந்த குழந்தைகள் படியிறங்கி ஓடினர். படிக்கட்டின் அடியிலிருந்த கதவு உட்புறமாகத் திறப்பது. சீட்டைச் சரிபார்ப்பதற்காக ஒரு குழந்தை மட்டும் நுழையும் இடைவெளி விட்டு அது தாழிடப்பட்டிருந்தது. முன்னே வந்தவர்கள் அதில் சிக்க, பின்னே வந்தவர்கள் அவர்கள்மீது அழுந்த, 183 குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்தனர். நாடே நடுங்கிய இந்நிகழ்வுக்குப் பின்னரே, பொது அரங்கின் கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும், உள்ளிருந்து தள்ளினால் தாழ் விலக வேண்டும் என்ற நெறி வலுப்பெற்றது. அவ்வகைத் தள்ளுதாழுக்கு ராபர்ட் அலெக்சாண்டர் பிரிக்ஸ் 1892இல் காப்புரிமை பெற்றார். சீட்டுச் சோதனைக்கு ஏற்ற வாசலும் உயிர் தப்புவதற்கு ஏற்ற வாசலும் ஒன்றல்ல என்பதை உலகம் கற்ற விலை அது.

அதே 1883இன் டிசம்பரில் சென்னையில் மற்றொரு விக்டோரியா மண்டபத்துக்கு விசயநகரம் அரசர் அடிக்கல் நாட்டினார். மக்கள் பூங்காவின் நிலத்தில் ஒரு துண்டு அதற்கென ஒதுக்கப்பட்டது. ராபர்ட் சிசோமின் வரைவில், நம்பெருமாள் செட்டியாரின் கட்டுமானத்தில், 1888-90 ஆண்டுகளில் செங்கல் மண்டபம் எழுந்தது. நகரத்தார் கூட்டம் நடத்தவும் நாடகம் பார்க்கவும் கட்டப்பட்ட நிலையான அரங்கம் அது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் நிறுவிய சுகுண விலாச சபையின் நாடகங்கள் அங்கே அரங்கேறின. மேலைநாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897இல் அங்கே உரையாற்றினார். 1916 நவம்பர் 20 அன்று அங்கே கூடிய கூட்டத்திலிருந்தே நீதிக்கட்சி பிறந்தது. பார்ப்பனரல்லாதார் அரசியல் உருவெடுத்த அதே கட்டடத்தில்தான் படித்த நடுத்தர வகுப்பின் நாடகமும் வளர்ந்தது. பூங்காவின் வேடிக்கைக்கு வந்த கூலித் தொழிலாளியும் காய்கறிக்காரரும் இம்மண்டபத்தின் வழக்கமான பார்வையாளர் அல்லர். சாதியின் இடத்தில் சீட்டு வந்து நின்றது; சீட்டின் விலையும் ஒருவகை வேலியே.

அவ்வேலியைத் தாழ்த்திய பெருமை சினிமாவுக்கு உண்டு. 1905இல் திருச்சியில் சாமிக்கண்ணு வின்சென்ட் தொடங்கிய நடமாடும் படக்காட்சிகளைத் தொடர்ந்து ஊர்தோறும் டெண்ட் கொட்டகைகள் முளைத்தன. தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதற் கலையரங்கு திரையரங்கே என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி எழுதினார். தரை, பெஞ்சு, நாற்காலி என்ற பாகுபாடு அங்கும் இருந்தது. ஆனால் பிறப்பால் எவரும் வெளியே நிறுத்தப்படவில்லை. ‘கொட்டகை’ என்ற சொல் தமிழிலும், ‘கொட்டக’ என்ற வடிவில் மலையாளத்திலும் திரையரங்கின் பெயராக வேரூன்றியது இக்காலத்தில்தான்.

*பூங்கா சுருங்கியது*

மக்கள் பூங்கா ஒரே நாளில் மறையவில்லை; துண்டு துண்டாகப் பயன் மாறியது. 1900இல் மூர் மார்க்கெட் திறக்கப்பட்டது. 1913இல் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை எழுந்தது. பூங்காவின் மற்றொரு பகுதி விளையாட்டு மைதானமாயிற்று. அதில் எஸ்.ஐ.ஏ.ஏ. என்று அழைக்கப்பட்ட தென்னிந்தியத் தடகளச் சங்கம் போட்டிகளையும் டிசம்பர்க் கண்காட்சியையும் நடத்தியது. மாநகராட்சி விளையாட்டரங்கம் என்ற பெயரில் அம்மண் கிரிக்கெட் டெஸ்ட் ஆட்டங்களையும் கண்டது. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்காடும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்குச் சேர்த்த 413 ஓட்டங்கள் 2008 வரை உலகச் சாதனையாக நின்றன. 1960களின் பிற்பகுதியில் டெஸ்ட் கிரிக்கெட் சேப்பாக்கத்துக்குத் திரும்பியது.

1985 சென்னைவாசிகளின் நினைவில் நீங்காத ஆண்டு. மே மாத இறுதியில் மூர் மார்க்கெட் தீக்கிரையானது. பழைய புத்தகம் தேடி அலைந்த தலைமுறைகளின் நினைவிடம் அது. அதன் இடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையம். அதே ஆண்டு வண்டலூரில் புதிய உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. பழைய விலங்குக் காட்சிசாலையின் காலம் முடிந்தது. சீட்டில்லாமலோ சில காசுகளுக்கோ நகரத்தின் எளியோர் பொழுதைக் கழித்த இரண்டு இடங்கள் ஒருசேர நீங்கின.

1993இல் பழைய மைதானம் ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கமாகப் புதிதாகக் கட்டப்பட்டு நேரு தங்கக் கோப்பைக் கால்பந்துக்குத் திறந்தது. 1995 டிசம்பர் 18 முதல் 27 வரை ஏழாவது தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளை அந்நாளைய மெட்ராஸ் நடத்தியது. அதன் பொருட்டு அதே வளாகத்தில் எழுந்ததே ஏறத்தாழ 8,000 பேர் அமரக்கூடிய உள்விளையாட்டரங்கம். மக்கள் பூங்காவின் மண்ணில் கேளிக்கை முழுமையாகக் கூரைக்குள் நுழைந்த தருணம் அது.

*ஆடுதளம் மேடையாகும் நாள்*

உள்விளையாட்டரங்கத்தின் உருவத்தைத் தீர்மானிப்பது பந்து. உலகத்தரக் கைப்பந்தாட்டத்துக்குத் தளத்துக்கு மேலே 12.5 மீட்டர் தடையற்ற வெளி வேண்டும். கூடைப்பந்துக்கு 7 மீட்டர் போதும். கைப்பந்துத் தளத்தின் அளவோ 18 மீட்டருக்கு 9 மீட்டர்தான். இத்தனை சிறிய தளத்துக்கு இத்தனை உயர்ந்த கூரை என்ற முரணே இவ்வகைக் கட்டடத்தின் இயல்பு. கூரை உயர்ந்தால் சுற்றிலும் இருக்கைகளை அடுக்கலாம். அடுக்கினால் விளையாட்டில்லாத நாள்களில் அவற்றை நிரப்பியாக வேண்டும். உலகெங்கும் உள்விளையாட்டரங்கங்கள் கேளிக்கை அரங்கங்களாக மாறும் காரணம் இதுவே.

நேரு அரங்கமும் விலக்கல்ல. 2013 செப்டம்பரில் இந்திய சினிமாவின் நூற்றாண்டு விழா இங்கே நடந்தது. 2017 அக்டோபர் 28 அன்று புரோ கபடி லீக்கின் ஐந்தாம் பருவ இறுதியாட்டத்தில் பாட்னா பைரேட்ஸ் அணி குஜராத்தை வென்றது இங்கேதான். மண்ணில் புரண்டு ஆடிய சடுகுடு, விரிப்பின் மீது, குளிரூட்டிய காற்றில், வண்ண விளக்கின் கீழ் ஆடப்பட்டது. 2022 ஜூலை 28 அன்று 44ஆவது செஸ் ஒலிம்பியாட்டின் தொடக்க விழா இவ்வரங்கில் நடந்தது, ஆட்டங்கள் மாமல்லபுரத்தில். அதே ஆண்டு செப்டம்பரில் ‘பொன்னியின் செல்வன்’, டிசம்பரில் ‘வாரிசு’, அடுத்த ஆண்டு ஜூலையில் ‘ஜெயிலர்’ எனப் பாடல் வெளியீட்டு விழாக்கள் தொடர்ந்தன. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் விளையாட்டின் தொடக்க விழாவும், அவ்வாண்டு ஆகஸ்டு - செப்டம்பரில் அல்டிமேட் டேபிள் டென்னிஸ் தொடரும் இங்கே நடந்தன. ஒரே தளம் ஒரு நாள் மேசைப்பந்தாட்டத்துக்கும் மறுநாள் மேடைப்பேச்சுக்கும் பயன்படுகிறது.

இந்த மாற்றத்தில் பார்வையாளர் கவனியாத ஒன்று உண்டு. ஆட்ட நாளில் நாற்புறமும் இருக்கைகள் நிறைந்து, பார்வை நடுவில் குவிகிறது. எந்தப் பக்கத்தில் அமர்ந்தவருக்கும் அருகில் ஒரு வாசல் இருக்கும். மேடை நாளில் தளத்தின் ஒரு முனையில் மேடை எழுகிறது. அதன் பின்னிருக்கும் இருக்கைகள் பயனற்றுப் போகின்றன. அப்பக்கத்து வாசல்கள் பெரும்பாலும் கலைஞருக்கும் சிறப்பு விருந்தினருக்கும் ஒதுக்கப்படும். வழக்கமாக வெறுமையாக இருக்கும் ஆடுதளத்தில் நாற்காலிகள் போடப்படுகின்றன. ஆள் தொகை குறையாமல், வெளியேறும் வழி மட்டும் குறைகிறது. விளையாட்டுக்கென வகுத்த பாதுகாப்புக் கணக்கு கேளிக்கை நாளில் அப்படியே பொருந்தாது.

அக்கணக்கு கடினமானதன்று. பிரிட்டனின் விளையாட்டு மைதானப் பாதுகாப்பு வழிகாட்டி, ஒரு மீட்டர் அகலமுள்ள சமதளப் பாதையில் நிமிடத்துக்கு 82 பேரும், படிக்கட்டில் 66 பேரும் கடக்கலாம் என்கிறது. இயல்பான நிலையில் எட்டு நிமிடத்துக்குள் அரங்கம் காலியாக வேண்டும் என்பதும் அதன் நெறி. 8,000 பேர் எட்டு நிமிடத்தில் வெளியேற நிமிடத்துக்கு ஆயிரம் பேர் போக வேண்டும். எல்லாரும் படியிறங்க வேண்டுமாயின் ஏறத்தாழ 15 மீட்டர் மொத்த அகலம் தேவை. அதுவும் எல்லா வாசல்களும் திறந்திருந்தால், ஒவ்வொரு வாசலையும் மக்கள் சமமாகப் பயன்படுத்தினால். ஒரு வாசல் பூட்டப்பட்டாலும் கணக்கு பிழைக்கும். தீப்பிடித்தால் எட்டு நிமிடம் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. 1997இல் தில்லி உப்ஹார் திரையரங்கில் 59 பேர் இறந்ததற்கு, மறிக்கப்பட்ட வெளியேறும் வழிகள் முதன்மைக் காரணம்.

*நெரிசல்*

ஆங்கிலச் செய்தித்தாள்கள் இத்தகைய துயரங்களை ‘ஸ்டாம்பீட்’ என்று எழுதுகின்றன. மிரண்டு ஓடும் மாட்டுமந்தையைக் குறித்த ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது அது. அறிவிழந்து ஓடிய கூட்டம் தன்னைத்தானே மிதித்துக் கொன்றது என்ற தீர்ப்பு அச்சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. தமிழ் ‘நெரிசல்’ என்கிறது. ‘நெரி’ என்பதற்கு நசுங்குதல், இறுகுதல் என்று பொருள். மலையாளம் ‘திக்கும் திரக்கும்’ என்கிறது. உண்மையில் நிகழ்வதற்கு இவை மிக நெருங்கிய சொற்கள். ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் நின்றால் ஆபத்து தொடங்குகிறது. ஏழு பேரை எட்டினால் தனிமனிதரின் விருப்பப்படி கால் நகராது. கூட்டம் நீர்மம் போல அலையெழுப்பும். அந்நிலையில் இறப்போர் பெரும்பாலும் நின்றவாறே, நெஞ்சுக்கூடு விரிய இடமின்றி மூச்சடைத்து இறக்கின்றனர். ஓடுவதற்கு அங்கே இடமே இல்லை. ‘நெரிசல்’ என்று சொல்லும்போது பழி கூட்டத்தின் மீது விழாமல் இடத்தின் மீது விழுகிறது. இடத்தை வகுத்தவர் யார் என்று கேட்க அச்சொல் நம்மை இட்டுச் செல்கிறது.

2023 நவம்பர் 25 அன்று கொச்சி களமசேரியில் உள்ள அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி அரங்கில் இசை நிகழ்ச்சி நடக்கவிருந்தது. மழை வந்தது. வெளியே காத்திருந்தவர்களும் அரங்கின் வாசலை நோக்கி விரைந்தனர். வாசலைக் கடந்தவுடன் செங்குத்தாக இறங்கும் படிக்கட்டு. நால்வர் இறந்தனர். சுவரும் வாயிலும் உடைய அரங்கம், கூரையில்லாவிட்டாலும், உள்ளரங்கின் ஆபத்து அனைத்தையும் கொண்டிருக்கும் என்பதை மேற்குக் கொச்சியின் இளையோர் மறக்க முடியாத முறையில் அறிந்துகொண்டனர். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி அரங்கத்தில் பதினொரு பேர் இறந்ததோ வாசலுக்கு வெளியே. அரங்கின் பாதுகாப்பு அதன் சுவரோடு முடிவதில்லை; சுற்றியுள்ள சாலையும் அரங்கின் ஒரு பகுதியே.

2023இல் ‘லியோ’ படத்தின் பாடல் வெளியீட்டு விழா செப்டம்பர் 30 அன்று நேரு உள்விளையாட்டரங்கத்தில் நடப்பதாக இருந்தது. நுழைவுச் சீட்டுகளுக்கான கோரிக்கை அளவு கடந்து வருவதாலும் பாதுகாப்புக் கருதியும் விழா இல்லை என்று சில நாள் முன்பு தயாரிப்பாளர் தரப்பு அறிவித்தது. வேறு காரணங்களைத் தேடி அந்நாளில் அரசியல் பேச்சுகள் பெருகின. அவை எவ்வாறாயினும், அறிவிப்பில் சொல்லப்பட்ட காரணம் தன்னளவில் கவனத்துக்குரியது. 8,000 இருக்கைகளுக்கு அதைப் பலமடங்கு மிஞ்சும் விருப்பம் இருக்கையில், யாருக்கு இடம் என்பதைப் பொதுவிற்பனை தீர்மானிப்பதில்லை, ‘பாஸ்’ தீர்மானிக்கிறது. சாதி, சீட்டு என்ற வரிசையில் வாசற்காவலின் மூன்றாவது உருவம் இது. விலை கொடுத்து வாங்க முடியாதது. அறிமுகத்தால் மட்டுமே கிடைப்பது. மக்கள் பூங்காவில் எவரும் நுழையலாம் என்றிருந்த மண்ணில் இன்று நுழைவுரிமை தொலைபேசி அழைப்புகளில் கைமாறுகிறது.

*வாசல் திறந்த நாள்*

இவ்வளாகம் கேளிக்கையின்றியும் கூட்டம் கண்டதுண்டு. 2021 மே மாதம், பெருந்தொற்றின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, ரெம்டெசிவிர் மருந்தின் அரசு விற்பனை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியிலிருந்து நேரு விளையாட்டரங்கத்துக்கு மாற்றப்பட்டது. மருத்துவரின் சீட்டோடு உறவினர்கள் நீண்ட வரிசையில் நின்றனர். ஒருவரிடமிருந்து ஒருவர் விலகி நிற்க வேண்டிய காலத்தில் மருந்துக்காக நெருங்கி நிற்க நேர்ந்த கொடுமையைக் கண்டு, சில நாள்களிலேயே அம்முறை கைவிடப்பட்டு மருந்து நேரே மருத்துவமனைகளுக்கு வழங்கப்பட்டது. நகரத்தின் நடுவே பெருங்கூட்டத்தை ஏற்கும் இடம் என்பதே இவ்வளாகத்தைத் தேர்ந்ததற்கும், அக்கூட்டமே ஆபத்து என்பதே அதைக் கைவிட்டதற்கும் காரணம்.

ஒன்றரை நூற்றாண்டில் இந்த மண்ணின் மீது எழுந்த ஒவ்வொரு கட்டடமும் முந்தையதைக் காட்டிலும் பாதுகாப்பானது. ஓலைக் கொட்டகையினும் செங்கல் மண்டபம் மேல். அதனினும் எஃகுக் கூரை மேல். அதே வேளையில் ஒவ்வொன்றும் முந்தையதைக் காட்டிலும் குறைவான மக்களுக்கே எளிதில் திறந்தது. பாதுகாப்பு வளர வளர நுழைவு குறுக வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. இரண்டையும் ஒரே கூரைக்குள் பொருத்துவது பொறியியலால் இயலும். ஆட்சியின் விருப்பம் வேண்டும்.

செய்யக்கூடியவை சில உள்ளன. மேடை நாள்களுக்கெனத் தனிக் கொள்ளளவைக் கணக்கிட்டு வாயிலில் எழுதி வைக்கலாம். அன்று திறந்திருக்கும் வெளியேறும் வழிகளின் வரைபடத்தை ஒவ்வொரு நுழைவுச் சீட்டிலும் அச்சிடலாம். மக்கள் பணத்தில் கட்டிய அரங்கில் நடக்கும் விழாக்களுக்கு இருக்கைகளில் ஒரு பங்கைப் பொதுக் குலுக்கலில் வழங்கலாம். அதே வளாகத்தில் 1886இல் மாண்டவர்களுக்கு ஒரு கல்வெட்டு வைக்கலாம். நேரு அரங்கத்தின் விழா அழைப்பிதழ்களைத் தொகுத்தால் முப்பதாண்டு மேடைகளின் வரலாற்றை எளிதில் எழுதிவிடலாம். வாசலில் நின்றவர்களின் வரலாறு அழைப்பிதழ்களில் இல்லை. பெரியமேட்டிலும் கடவந்திராவிலும் சீட்டுக் கிழித்தவர்கள், நாற்காலி அடுக்கியவர்கள், உள்ளே விடப்படாமல் திரும்பியவர்கள் ஆகியோரின் நினைவில்தான் அது இருக்கிறது. அவர்கள் உள்ளபோதே அதைக் கேட்டுப் பதிவு செய்தாக வேண்டும்.